டேங்க் ஒழுகும் முன் கூப்பிடுங்கள்: பே ஏரியா வீட்டுக்கு ஹீட் பம்ப் ரிபேட் வாங்கும் வழி

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் ஒரு ஜனவரி மாதம், சனிக்கிழமை விடியற்காலை. கராஜில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். வீடு வாங்கும்போதே வயதாகியிருந்த 40 காலன் கேஸ் வாட்டர் ஹீட்டர் அடியில் துருப்பிடித்து உடைந்துவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், குளிர் நான்கு டிகிரி. அன்று மாலையே வரத் தயாராக இருந்த முதல் கான்ட்ராக்டருக்குச் சரி சொன்னேன். கேஸ் இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டரை மாட்டினார், வேலை சுத்தம். இதற்கு மாறுகிறவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள், அதுதான் ரிபேட். "ரிபேட்டெல்லாம் அப்புறம் அப்ளை பண்ணிக்கலாம் சார்" என்றார்.

அப்புறம் ஒன்றும் பண்ண முடியவில்லை. அவர் எந்தத் திட்டத்திலும் பதிவு செய்தவர் இல்லை. வேலைக்கு முன்பே ரிபேட் பணத்தை என் பெயருக்கு ஒதுக்கி வைக்கும் முன்பதிவும் இல்லை. பர்மிட்டும் பாதியில் நின்றிருந்தது. என் கையை விட்டுப் போனது சில ஆயிரம் டாலர்.

அடுத்த ஆண்டு என் தங்கை வீட்டுக்கு அதே வேலையைச் செய்தோம். இம்முறை வரிசை தெரிந்திருந்தது. பதினோரு வாரம் ஆனது, பணமும் வந்தது. அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன். சொந்த வீடு வாங்கிய புதிதில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதினாலும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கடைசியில் ஒரு பகுதி உண்டு.

1. உங்கள் ஊருக்குப் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

கரண்ட் பில்லை எடுங்கள். கட்டண விவரத்தில் "பப்ளிக் பர்ப்பஸ் புரோகிராம்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். கேஸ் பக்கத்திலும் அதே பெயரில் ஒன்று உண்டு. மின்சிக்கனத் திட்டங்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களின் கட்டணச் சலுகைக்கும் மாதாமாதம் எல்லோரிடமும் பிடிக்கும் பணம் அது. ரிபேட் கேட்கக் கூச்சப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூச்சம் வேண்டாம், அந்தத் தொட்டியில் நீங்களும் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கை மின் நிறுவனம் செலவு செய்யாமல், உள்ளாட்சிகளே கூட்டாக எடுத்துச் செலவு செய்கின்றன. நம் பகுதியில் அந்தக் கூட்டமைப்பின் பெயர் பேரென். அலமீடா, கான்ட்ரா காஸ்டா, மரின், நாப்பா, சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, சான்டா கிளாரா, சொலானோ, சொனோமா ஆகிய ஒன்பது கவுண்டிகளும் இதில் உண்டு. ஏபேக் என்று சொல்லப்படும் பே ஏரியா உள்ளாட்சிகளின் சங்கம் இதை நடத்துகிறது. மாநிலப் பயனீட்டு ஆணையம் 2012இல் அனுமதி கொடுத்தது. ஒரு சின்ன நகரத்தால் தனியாக ஆலோசகர்களை வைக்கவோ கான்ட்ராக்டர்களைப் பரிசோதிக்கவோ முடியாது. ஒன்பது கவுண்டியும் சேர்ந்தால் ஒரே தொலைபேசி எண், ஒரே படிவம், ஒரே கான்ட்ராக்டர் பட்டியல் போதும். நமக்குக் கிடைக்கும் லாபம் அதுதான்.

இரண்டாவது பை, உங்கள் ஊருக்காக மின்சாரத்தை வாங்கித் தரும் மின் கொள்முதல் அமைப்பு. பில்லின் உள்பக்கத்தில் "எலெக்ட்ரிக் ஜெனரேஷன் சார்ஜஸ்" என்ற தலைப்புக்கு மேல் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிட்டாஸ், மவுன்டன் வியூ பக்கம் என்றால் சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி. ஃப்ரீமான்ட் என்றால் ஏவா. சான் ஹோசேக்குத் தனி அமைப்பு. சான் மட்டேயோ கவுண்டிக்குப் பெனின்சுலா கிளீன் எனர்ஜி. மரினில் 2010இல் தொடங்கிய எம்சிஇதான் மாநிலத்திலேயே முதலாவது. இவற்றில் பெரும்பாலானவை பல நகரங்கள் ஒப்பந்தம் போட்டு ஒன்றாக நடத்தும் அமைப்புகள். பேரென் ரிபேட்டுக்கு மேல் இவை தனியாகத் தருவதும் உண்டு.

மூன்றாவது பை மாநில அரசு. டெக் கிளீன் கலிஃபோர்னியா என்ற திட்டம் அதில் முக்கியமானது. இதில் பணம் வந்த வேகத்தில் தீரும். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று நேற்று பார்த்த தகவலை இன்று நம்பாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாலோ ஆல்டோவில் மின்சாரமும் கேஸும் நகராட்சியுடையவை. சான்டா கிளாரா நகரிலும் அலமீடா நகரிலும் மின்சாரம் நகராட்சியுடையது. பேரென் பணம், நம் பகுதியின் பெரிய மின், கேஸ் நிறுவனமான பி.ஜி. அண்ட் இ. வாடிக்கையாளர்களின் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆகவே இந்த ஊர்க்காரர்கள் தகுதி உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, நகராட்சி மின்வாரியத்தின் சொந்த ரிபேட்டையும் பாருங்கள். அது பல சமயம் நன்றாகவே இருக்கிறது.

மற்ற பகுதிகளிலும் பேரென் போன்ற கூட்டமைப்புகள் உண்டு: லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு சோகால்ரென், வெஞ்சுரா, சான்டா பார்பரா, சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டிகளுக்கு 3சி-ரென், ரிவர்சைடு, சான் பெர்னார்டினோவுக்கு ஐ-ரென். பெயரும் தொகையும் வேறு, நடைமுறையின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

2. டேங்க் நல்லபடியாக ஓடும்போதே ஆலோசகரை அழையுங்கள்

பேரென் எனர்ஜி அட்வைசர்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் எதையும் விற்பதில்லை. கான்ட்ராக்டரிடம் பேசுவதற்கு முன் இவர்களிடம் பேச வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஹீட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்தால் தயாரித்த ஆண்டு தெரியும். பத்து வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள். சாதாரண டேங்க் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும். அது போகும் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆலோசகரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்:

- என் முகவரிக்கு இன்று எந்தத் திட்டம் திறந்திருக்கிறது? வீட்டுத் திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு ஹோம் பிளஸ், பிறகு ஈஸ் ஹோம். நண்பர் சொன்ன பெயரைத் தேடி அது இல்லையென்று விட்டுவிடாதீர்கள்.
- வருமான வரம்பு உண்டா? உண்டென்றால் வீட்டில் யார் யார் வருமானத்தைக் கணக்கில் எடுப்பார்கள்?
- எந்த ரிபேட்டுகளைச் சேர்த்து வாங்கலாம்? ஒரே வேலைக்கு மின் நிறுவனத்திடமும் பேரெனிடமும் இரண்டு முறை வாங்க விடமாட்டார்கள். மாநில, உள்ளூர் பைகளைச் சேர்க்க இடம் இருக்கலாம்.
- பணம் எனக்கு வருமா, கான்ட்ராக்டர் பில்லிலேயே கழியுமா?

தொகைகளை நான் இங்கே எழுதவில்லை. என் தங்கைக்குக் கிடைத்த தொகை அவள் பக்கத்து வீட்டுக்கு மூன்று மாதம் கழித்துக் கிடைக்கவில்லை.

கூட்டரசு வரிச்சலுகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹீட் பம்புக்கு 30 சதவீதம், 2,000 டாலர் வரை என்று இருந்த சலுகை 2025 டிசம்பர் 31க்குப் பிறகு பொருத்தும் கருவிகளுக்குக் கிடையாது. பழைய விளம்பரத் தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. விலைக்குறிப்பில் அந்த 2,000த்தைக் கழித்துக் காட்டினால் நம்பாதீர்கள்.

3. படங்களையும் காகிதங்களையும் ஒரே உறையில் சேருங்கள்

ஒரு மாலை போதும். பழைய ஹீட்டரின் முழுப்படம், அதன் தகடு, அது நிற்கும் இடம் சுற்றிலும், மேலே போகும் புகைக்குழாய், பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியான மின் பேனலின் கதவைத் திறந்து உள்ளே, மெயின் பிரேக்கரின் எண் தெளிவாகத் தெரிய ஒன்று. இத்துடன் கடைசிப் பில்லின் எல்லாப் பக்கங்களும். முதல் பக்கம் மட்டும் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் பெயரும் மின் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நம்மில் பலருக்கு ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். தங்கை வீட்டு விண்ணப்பம் இதற்காக ஒன்பது நாள் நின்றது. வருமானத் தகுதி கேட்கும் திட்டமென்றால் வரித்தாக்கல் நகலும் வேண்டும்.

பழைய ஹீட்டரின் படத்தை வேலைக்கு முன்பே எடுங்கள். கழற்றிய பிறகு அது கேஸில் ஓடியது என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

4. பேனலை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்

செலவு எகிறுவது இங்கேதான். 1950, 60களில் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் 100 ஆம்ப் பேனல். ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு 240 வோல்ட்டில் 30 ஆம்ப் தனி சர்க்யூட் வேண்டும் என்பதால், "பேனலை 200 ஆக்கணும்" என்று சிலர் எடுத்த எடுப்பிலேயே சொல்வார்கள். அது பல ஆயிரம் டாலர். மின் நிறுவனம் வந்து இணைப்பை மாற்ற மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

பி.ஜி. அண்ட் இ. கணக்கில் நுழைந்து ஓராண்டு மின் பயன்பாட்டை இறக்கிக்கொள்ளுங்கள். தங்கை வீட்டின் ஓராண்டு உச்சம் 7.2 கிலோவாட். 240ஆல் வகுத்தால் 30 ஆம்ப். விதிப்படி அதை 1.25ஆல் பெருக்கினால் 37.5. புது ஹீட்டரின் 4.5 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 19 ஆம்ப் சேர்த்தாலும் 57ஐத் தாண்டவில்லை. 100 ஆம்ப் பேனல் தாராளம். இந்தத் தாளைக் காட்டியதும் எலெக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். சோலார் இருந்தால் கணக்கு வேறு மாதிரி போடுவார்கள், அதை அவரிடமே விடுங்கள்.

ஆம்பில் இடம் இருந்தும் பிரேக்கர் வைக்க இடம் இல்லாமல் போகலாம். 240 வோல்ட் பிரேக்கர் இரண்டு இடம் கேட்கும். அதற்கு மெலிந்த பிரேக்கர்களோ சிறு துணைப் பேனலோ போதும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓடும் மாடல்களும் உண்டு. சின்னக் குடும்பத்துக்குச் சரி, ஆனால் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும்.

5. இடமும் அளவும்

ஹீட் பம்ப் சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பது. பொதுவாக 700 கன அடி காற்று கேட்பார்கள். பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்றால் 800. கராஜ் தாராளம். சமையலறை அலமாரிக்குள் நிற்கும் பழைய டேங்க் என்றால் துளைக் கதவோ காற்றுக் குழாயோ வேண்டும். ஏசி போல் தண்ணீர் சொட்டும், அதற்கு வடிகால் வேண்டும். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஓடும் சத்தம் கேட்கும்.

40 காலனுக்கு 40 காலன் வாங்காதீர்கள். கேஸ் வேகமாகச் சூடாக்கும், இது நிதானம். ஆறு மாதம் பெற்றோர் வந்து தங்கும் வீடு, தீபாவளியன்று ஆறு பேர் எண்ணெய்க் குளியல் என்றெல்லாம் யோசித்து 65 அல்லது 80 காலன் எடுங்கள். மிக்ஸிங் வால்வு சேர்த்துப் போட்டால் டேங்கை அதிகச் சூட்டில் வைத்தும் குழாயில் சுடாமல் பார்த்துக்கொள்ளலாம். பகலில் சூடாக்கி, மின்விலை உயரும் மாலை 4 முதல் 9 வரை ஓடாமல் டைமர் வைக்கலாம்.

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸும் இதே புகைக்குழாயைப் பகிர்ந்திருந்தால் கான்ட்ராக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹீட்டர் போனபின் குழாய் ஃபர்னஸுக்கு மட்டும் அகலமாகிவிடும். புகை சரியாக மேலேறாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, கான்ட்ராக்டர் "பரவாயில்லை" என்றால் விட்டுவிடாதீர்கள்.

6. கான்ட்ராக்டரைத் தேர்வது

பேரென் பட்டியலிலிருந்து மூன்று பேரைக் கூப்பிடுங்கள். ஊர் மின் கொள்முதல் அமைப்பின் பட்டியலும் மாநிலத் திட்டத்தின் பட்டியலும் வேறு வேறு. மூன்றிலும் இருப்பவர் கிடைத்தால் அவரே சிறந்தவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் காகித வேலை பாதியாகக் குறையும். தங்கைக்கு வந்த விலைக்குறிப்புகள் 5,900, 7,200, 9,800 டாலர். மூன்றுக்கும் ஒரே கருவி. 9,800இல் பேனல் மாற்றம் ஒளிந்திருந்தது. 5,900இல் பர்மிட் கட்டணமும் வடிகாலும் இல்லை. அதனால் வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: கருவி, மின்வேலை, குழாய்வேலை, கேஸ் அடைப்பு, பழையதை அப்புறப்படுத்துவது, பர்மிட், ரிபேட் விண்ணப்பம் யார் போடுவது.

மாநில லைசென்ஸ் வாரியத் தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். குழாய்வேலைக்கு சி-36, மின்வேலைக்கு சி-10, ஏசி, வெப்பமூட்டும் வேலைக்கு சி-20. லைசென்ஸ் இப்போது செல்லுபடியாகிறதா, தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்பதும் அதே பக்கத்தில் தெரியும்.

முன்பணம் பற்றிக் கலிஃபோர்னியா சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. 7,200 டாலர் வேலைக்கு 720தான். நான் அன்று பாதிப் பணம் கொடுத்தேன், அவசரத்தில் கேட்கத் தோன்றவில்லை. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாள்.

"பர்மிட்டை நீங்களே ஓனர்-பில்டர் (வேலையை வீட்டுக்காரரே செய்கிறார்) என்று எடுத்துவிடுங்கள், செலவு குறையும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலையில் கோளாறு வந்தாலோ, ஆளுக்கு அடிபட்டாலோ பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

7. முன்பதிவு எண் வரும்வரை கழற்ற விடாதீர்கள்

முன்பதிவு கேட்கும் திட்டங்களில், கான்ட்ராக்டர் விண்ணப்பம் போட்டு, பணம் உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டதாக மின்னஞ்சல் வர வேண்டும். அதில் எண்ணும் கடைசித் தேதியும் இருக்கும். அதற்கு முன் பழைய டேங்கில் கை வைக்கக் கூடாது. "போட்டாச்சு, வந்துடும்" என்ற வாய்வார்த்தைக்குக் காலண்டரில் நாள் குறிக்காதீர்கள். தங்கைக்கு இந்த மின்னஞ்சல் வர மூன்று வாரம் ஆனது. எங்கள் பதினோரு வாரத்தில் மிகவும் பொறுமையைச் சோதித்தது இதுதான்.

இடையில் டேங்க் உடைந்துவிட்டால்? சில கான்ட்ராக்டர்கள் தற்காலிகமாக ஒரு கேஸ் டேங்கை வாடகைக்கு மாட்டித் தருவார்கள். முதல் அழைப்பிலேயே இதைக் கேட்டு வையுங்கள்.

8. பர்மிட்டும் இன்ஸ்பெக்ஷனும்

பர்மிட் உங்கள் நகரத்துடையது, பேரெனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கையின் நகரத்தில் 200 டாலரைச் சற்றுத் தாண்டியது. இறுதிக் கையெழுத்து ஆன பர்மிட் இல்லாமல் ரிபேட் நின்றுவிடும். என் வீட்டில் வேலை செய்த கான்ட்ராக்டர் பர்மிட் எடுத்திருந்தார், இன்ஸ்பெக்ஷனுக்கு யாரையும் அழைக்கவேயில்லை.

அதிகாரி வரும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை:

- நிலநடுக்கப் பட்டைகள் இரண்டு, டேங்கின் மேல் மூன்றில் ஒரு பகுதியிலும் கீழ் மூன்றில் ஒரு பகுதியிலும்.
- அழுத்தம் வெளியேற்றும் வால்விலிருந்து வரும் குழாய் வெளியே, தரையை நோக்கி முடிகிறதா.
- கேஸ் குழாய் முறையாக அடைக்கப்பட்டிருக்கிறதா.
- படுக்கையறைகளில் புகை அலாரம், தளத்துக்கு ஒன்று கார்பன் மோனாக்சைடு அலாரம். 1,000 டாலருக்கு மேற்பட்ட பர்மிட் வேலை என்றால் வீடு முழுக்க இதைப் பார்ப்பார்கள். தங்கை வீட்டில் முதல் இன்ஸ்பெக்ஷன் ஃபெயில் ஆனது ஹீட்டரால் அல்ல, மாடியில் பேட்டரி கழற்றி வைத்திருந்த ஒரு அலாரத்தால். மறுபடி தேதி கிடைக்க எட்டு நாள்.

9. பணம் வரும்வரை

இறுதி பர்மிட், பணம் கட்டிய பில், புதுக் கருவியின் சீரியல் எண் தெரியும் படம் மூன்றும் கான்ட்ராக்டர் கைக்குப் போனதா என்று கேளுங்கள். பில்லில் ரிபேட் கழிப்பதாக எழுதியிருந்தால், கடைசித் தவணையைக் கட்டும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். தங்கைக்கு எல்லாம் அனுப்பிய ஐந்தாவது வாரம் காசோலை வந்தது.

காத்திருக்க நினைப்பவர்களுக்கு ஒரு தேதி: பே ஏரியாவின் காற்றுத்தர வாரியம் 2023 மார்ச்சில் ஒரு விதி நிறைவேற்றியது. அதன்படி 2027 ஜனவரி 1 முதல் வீட்டு அளவிலான புது வாட்டர் ஹீட்டர்கள் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடாதவையாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றம் நெருங்க நெருங்க நல்ல கான்ட்ராக்டர்களின் நாட்காட்டி நிறையும் என்றே நினைக்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் பில்லிலும் "பப்ளிக் பர்ப்பஸ் புரோகிராம்ஸ்" என்ற அந்த வரி இருக்கிறது, ஆகவே ஆலோசகரை நீங்களும் அழைக்கலாம். அடுக்குமாடி வீடென்றால் பேரெனில் அதற்கென்று தனித் திட்டம் உண்டு, விண்ணப்பிக்க வேண்டியது கட்டட உரிமையாளர். அந்தப் பக்கத்தின் இணைப்பை அப்படியே மேனேஜருக்கு அனுப்புங்கள், நான்கு குடும்பம் சேர்ந்து அனுப்பினால் இன்னும் நல்லது. வருமானம் கூட்டரசு வறுமைக்கோட்டின் 250 சதவீதத்துக்குள் என்றால் பி.ஜி. அண்ட் இ.யின் எனர்ஜி சேவிங்ஸ் அசிஸ்டன்ஸ் திட்டத்தில் சில வேலைகளை இலவசமாகவே செய்வார்கள், வாடகைக்கு இருப்போருக்கும் உண்டு. 200 சதவீதத்துக்குள் என்றால் கேர் கட்டணச் சலுகைக்கும் இன்றே விண்ணப்பியுங்கள்.

பகுதியின் பல பொது நூலகங்களில் மின்சிக்கனக் கருவிப்பெட்டியையும், சில இடங்களில் இண்டக்ஷன் அடுப்பையும் புத்தகம் போலவே இரவல் தருகிறார்கள். அடுப்பை எடுத்து வருமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாத்திரங்களைச் சோதியுங்கள். இரும்பு தோசைக்கல் ஒட்டும். அலுமினிய இட்லிப் பானை ஒட்டாது, ரசத்துக்கு வைத்திருக்கும் ஈயச்சொம்பை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.